எல்லாவற்றுக்கும் ‘பழகிவிடும்’ என்றேன்: 42 வயதில் பல் கம்பி போட்டவரின் நிகழ்வு ஆய்வு

“எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள் டாக்டர். இன்றைக்கே.”

பல் கம்பி போட்டு 11ஆவது மாதம். நாற்காலியில் சாய்வதற்கு முன்பே அவர் இதைச் சொன்னார். குரல் உயரவில்லை, கண் கலங்கவில்லை. கைப்பையிலிருந்து ஒரு சிறு குறிப்பேட்டை எடுத்து என் மேசைமேல் வைத்தார். கம்பி போட்ட நாள் தொடங்கித் தனக்கு நேர்ந்த ஒவ்வொரு தொல்லையையும் தேதி போட்டு அதில் எழுதிவைத்திருந்தார். அத்தனை மாதங்களில் அவர் என்னிடம் வாய்விட்டுக் குறை சொன்னது மூன்று நான்கு தடவை இருக்கும். குறிப்பேடோ முக்கால்வாசி நிரம்பியிருந்தது.

மருத்துவ நோக்கில் இந்த நிகழ்வில் அபூர்வம் எதுவுமில்லை. பல் சீரமைப்பு மருத்துவர் எவரும் அடிக்கடி பார்க்கிற வாய்தான். அவருடைய எரிச்சல் எங்கிருந்து வந்தது என்பதை நான் 11 மாதம் தவறாகவே எண்ணிக்கொண்டிருந்தேன். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். அவர் ஒப்புதல் தந்திருக்கிறார். ஆளை அடையாளம் காண முடியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

வந்தவரும் வாயும்

வயது 42. தொழில், உடனடி மொழிபெயர்ப்பு. கூட்டத்தில் ஒருவர் பேசப் பேச, காதில் விழுவதை வேறொரு மொழியில் ஒலிவாங்கிக்குள் சொல்லிக்கொண்டே போக வேண்டும். “வாயை வைத்துப் பிழைக்கிறவள்” என்றுதான் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டார். சிறுவயதில் ஏன் போடவில்லை என்று வழக்கம்போல் கேட்டேன். “அப்போது வீட்டில் என் பல்லைவிட அவசரமான செலவுகள் இருந்தன” என்றார்.

மேல் வெட்டுப்பற்கள் கீழ்ப்பற்களைவிட 7 மி.மீ. முன்னால் நீட்டிக்கொண்டிருந்தன. மேலே இரண்டு பக்கமும் கோரைப்பற்கள் வரிசைக்கு வெளியே தெற்றுப்பற்களாக ஏறி நின்றன. கீழ் முன்பற்கள் ஒன்றையொன்று நெருக்கியடித்துக்கொண்டிருந்தன. வாயை மூடிக் கடித்தால் மேற்பற்கள் கீழ்ப்பற்களைப் பெரும்பாலும் மறைத்துவிடும். ஈறுகளில் நாள்பட்ட வீக்கம். பற்களைப் பிடித்திருக்கும் எலும்பு முன்பக்கத்தில் சற்றுத் தேய்ந்திருந்தது.

வளரும் பிள்ளையாக இருந்தால் தாடையின் வளர்ச்சியையே கொஞ்சம் வழிப்படுத்திப் பார்க்கலாம். 42 வயதில் அந்த வாய்ப்பு முடிந்துபோன கதை. தாடையை அறுவைச் சிகிச்சையால் திருத்த வேண்டும், அல்லது பற்களை நகர்த்தி ஈடுகட்ட வேண்டும். அவர் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தார். மேலே பக்கத்துக்கு ஒரு முன்கடைவாய்ப்பல்லை எடுத்துவிட்டு, அந்த இடத்துக்குள் முன்பற்களைப் பின்னுக்கு இழுப்பது. கீழே பல் எடுக்காமல், பற்களின் பக்கவாட்டு ஓரங்களை மிக மெல்லிதாகத் தேய்த்து இடம் உண்டாக்குவது. இவ்வளவுதான் திட்டம். அதற்கு முன் மூன்று மாதம் ஈறு சிகிச்சை. ஈற்றில் அழற்சி இருக்கும்போது பல்லை நகர்த்தினால் எலும்பு மேலும் இழப்பாகும். இந்த வரிசையை மாற்றவே கூடாது.

பல்லில் ஒட்டிக் கம்பியைப் பிடித்திருக்கும் சிறு துண்டுக்குப் பிராக்கெட் என்று பெயர். மேற்பற்களுக்குப் பல் நிறத்திலேயே இருக்கும் பீங்கான் பிராக்கெட், கீழே உலோகம். கீழேயும் பீங்கான் வேண்டும் என்று அவர் கேட்டார். பீங்கான் பல்லின் எனாமலைவிடக் கடினமானது. இவருடையதைப் போன்ற ஆழமான கடியில் மேற்பல் அதன்மேல் உரசினால் தேய்வது பல்தான். சொன்னதும் ஒப்புக்கொண்டார். காரணம் சொன்னால் ஏற்றுக்கொள்கிற மனிதர் என்பது அன்றே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

முன்பற்களைப் பின்னுக்கு இழுக்கும்போது கடைவாய்ப்பற்கள் முன்னுக்கு நகர்ந்து வந்துவிடாமல் தடுக்க, எலும்பில் பதிக்கும் சிறு திருகுகளைப் பரிந்துரைத்தேன். திருகு என்றதும் முகம் மாறியது. அப்படியானால் மேல் கோரைப்பல்லையும் கீழ்க் கடைவாய்ப்பல்லையும் இணைக்கும் ரப்பர் வளையங்களை நாளுக்கு 22 மணி நேரம் மாட்டியிருக்க வேண்டும் என்றேன். சரி என்றார். நாளெல்லாம் பேசியே சம்பாதிக்கிறவர் 22 மணி நேரம் எப்படி ரப்பர் மாட்டியிருப்பார் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

எவ்வளவு காலம் ஆகும்? 18 முதல் 24 மாதம் என்றேன். அவர் காதில் விழுந்தது 18. நானும் மனதுக்குள் 24-ஐ வைத்துக்கொண்டுதான், தைரியம் தருவதற்காக 18-ஐ முதலில் சொன்னேன். நோயாளியைத் தேற்றும்போது எண்ணைக் குறைத்துச் சொல்வது எங்கள் தொழிலில் பலருக்கும் உள்ள கெட்ட பழக்கம்.

முதல் வாரங்கள்

வலியைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை. பாடநூலில் உள்ளபடியே நடந்தது. கம்பி கட்டிய சில மணி நேரத்தில் தொடங்கியது, மறுநாள் உச்சத்துக்குப் போனது, ஒரு வாரத்துக்குள் அடங்கியது. பாராசிட்டமால் போதுமானதாக இருந்தது. இபுபுரூஃபன் வகை மாத்திரைகளைத் தவிர்க்கச் சொல்லியிருந்தேன். பல் நகர்வதற்கு வேண்டிய வேதிப்பொருள்களையே அவை தடுக்கின்றன. தொடர்ந்து சாப்பிட்டால் நகர்வு மந்தமாகலாம். முதல் மாதங்களில் போட்டிருந்த நிக்கல்-டைட்டானியக் கம்பி வெப்பத்துக்கு ஏற்ப விறைப்பது, குளிர்ந்தால் தளர்வது. குளிர்ந்த நீரை வாயில் வைத்திருந்தால் இழுப்பு சற்று நேரம் குறைகிறது என்பதை நான் சொல்லாமலே அவர் கண்டுபிடித்திருந்தார்.

உதட்டின் உள்பக்கம் புண். மெழுகு கொடுத்தேன். பழகிவிடும் என்றேன். ‘ஸ’, ‘ச’ சரியாக வரவில்லை என்றார். பழகிவிடும் என்றேன். சாப்பிட முடியவில்லை என்றார். அதற்கும் அதே பதில். பிறகு அவர் எதுவும் கேட்கவில்லை. நன்றாகப் போய்க்கொண்டிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

குறிப்பேடு

11ஆவது மாதத்தில் அதைப் படிக்க எனக்கு 20 நிமிடம் ஆனது. அடுத்திருந்தவரைக் காத்திருக்கச் சொல்லிவிட்டுப் படித்தேன். சில பதிவுகளை அவர் அனுமதியுடன் இங்கே தருகிறேன்.

இரண்டாவது மாதம்: “இடது பக்கம் மட்டும்தான் கடிபடுகிறது. விடியற்காலையில் இடது நெற்றிப்பொட்டு வலிக்கிறது. பழகிவிடுமாம்.”

மூன்றாவது மாதம்: “மேல் முன்பல் ஆடுகிறது. நாக்கால் தள்ளினால் தெரிகிறது. யாரிடமும் சொல்லவில்லை. அம்மாவுக்கும் இப்படித்தான் தொடங்கியது.”

ஐந்தாவது மாதம்: “எடுத்த பல்லின் இடம் இரண்டும் புகைப்படத்தில் பளிச்சென்று தெரிகிறது. முன்பு தெற்றுப்பல். இப்போது பொக்கை.”

அதே மாதம், வேறொரு நாள்: “காத்திருக்கும் அறையில் என் வயதுக்காரர்கள் எல்லாரும் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வந்தவர்கள். பிள்ளைகள் எந்த நிற வளையம் போடலாம் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் என்னிடம் உங்கள் பிள்ளை எங்கே என்று கேட்டார்.”

ஆறாவது மாதம்: “கீழ்ப்பற்களுக்கு நடுவே, ஈறுக்குப் பக்கத்தில், கறுப்பாக முக்கோண ஓட்டை. ஈறு அழுகுகிறதா?”

ஒன்பதாவது மாதம்: “பின்னால் கம்பி கன்னத்தில் குத்துகிறது.” அதன் கீழே 1 முதல் 9 வரை எண்கள், ஒவ்வொன்றுக்கும் நேராக ஒரு கோடு. ஒன்பதாவது நாளில்: “அடுத்த சந்திப்பு நாளைதானே. பொறுத்துக்கொண்டேன்.”

பத்தாவது மாதம்: “இன்றும் ரப்பர் மாட்டவில்லை. கேட்டால் மாட்டினேன் என்றுதான் சொல்வேன்.”

படித்து முடித்ததும் ஒன்று விளங்கியது. தாங்கத் தேவையில்லாதவற்றை அவர் பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கியிருந்தார். பயப்படத் தேவையில்லாதவற்றுக்கு இரவெல்லாம் விழித்துக்கிடந்து பயந்திருந்தார். எது எந்த வகை என்று அவருக்குத் தெரிய வழியில்லை. நான் இரண்டுக்கும் ஒரே சொல்லைத்தானே சொல்லியிருந்தேன்.

அதுவரை அவருடைய எரிச்சலை வயதோடு முடிச்சுப்போட்டிருந்தேன். பெரியவர்களுக்குப் பொறுமை குறைவு, தோற்றத்தைப் பற்றிய கவலை அதிகம், பிள்ளைகள் போல உடனே மறந்துவிடுவதில்லை என்றெல்லாம் எங்களுக்குள் பேசிக்கொள்வது உண்டு. உண்மை நேர்மாறாக இருந்தது. பிள்ளைக்குக் கம்பி குத்தினால் அன்றே அழும். பெற்றோர் அன்றே தொலைபேசியில் அழைப்பார்கள். பெரியவர் பொறுத்துக்கொள்வார். பொறுத்துக்கொள்வதுதான் பெரியவருக்கு அழகு என்று நினைப்பார். அந்தப் பொறுமை ஒருநாள் மொத்தமாகத் தீரும்போது, கழற்றிவிடுங்கள் என்று வந்து நிற்பார்.

பிரித்துப் பார்த்தது

ஒரு தாளை எடுத்து நடுவே கோடு போட்டேன். இடப்பக்கம், என் கையால் சரிசெய்ய வேண்டியவை. வலப்பக்கம், சிகிச்சையோடு சேர்ந்தே வருபவை. குறிப்பேட்டை இருவருமாகப் புரட்டிப் புரட்டி எழுதினோம்.

தாளின் இடப்பக்கத்தில் முதலில் வந்தது இடது நெற்றிப்பொட்டு வலி. மேற்பற்கள் கீழே ஒட்டியிருக்கும் பிராக்கெட்டுகளை இடித்துப் பெயர்த்துவிடாமல் இருக்க, கீழ்க் கடைவாய்ப்பற்களின்மேல் நீலநிறப் பல்சிமெண்ட் மேடு வைப்பது வழக்கம். இடது மேடு வலதைவிட உயரமாக அமைந்துவிட்டிருந்தது. வாயை மூடும்போதெல்லாம் தாடை ஒருபக்கமாகத் தாங்கி நின்றது. அரை நிமிடத்தில் தேய்த்துச் சமன்செய்யக்கூடிய பிழை. அதை அவர் ஐந்து வாரம் சுமந்தார். நாள் போக்கில் மேடு தானாகத் தேய்ந்ததால் வலியும் தானாக நின்றது. ‘பழகிவிட்டது’ என்று அவர் எழுதியிருந்தார். பழகவில்லை, சிமெண்ட் தேய்ந்தது.

குத்திய கம்பியும் இடப்பக்கம்தான். ஆனால் அதில் ஒரு நல்ல செய்தி ஒளிந்திருந்தது. பல் எடுத்த இடம் மூடிக்கொண்டு வரும்போது கம்பியின் மிச்சநீளம் கடைசிக் கடைவாய்ப்பல்லின் குழாய்க்குப் பின்னால் நீட்டிக்கொண்டு வரும். குத்துகிறது என்றால் பற்கள் நகர்ந்திருக்கின்றன என்று பொருள். நுனியை நறுக்கிவிட ஐந்து நிமிடம் போதும். வரும்வரை ஒரு கடுகளவு மெழுகை, ஈரத்தை நன்றாகத் துடைத்துவிட்டு அதன்மேல் அப்பிக்கொள்ளலாம். ஈரத்தின்மேல் வைத்தால் மெழுகு நிற்காது. இந்தச் சின்ன விஷயத்தைக்கூட நான் சொல்லியிருக்கவில்லை. மெழுகு உபயோகமில்லை என்று இரண்டாம் வாரமே தூக்கிப்போட்டிருந்தார்.

வலப்பக்கத்தில் முதலாவது, ஆடும் பல். பல்லின் வேருக்கும் எலும்புக்கும் இடையே ஏறக்குறைய 0.2 மி.மீ. தடிமனுள்ள ஓர் இணைப்புத் திசு இருக்கிறது. அழுத்தம் விழும் பக்கத்தில் எலும்பு கரைகிறது, இழுபடும் பக்கத்தில் புதிய எலும்பு படிகிறது. இந்த வேலை நடக்கும்போது அந்தத் திசு அகலமாகும். பல் ஓரளவு ஆடத்தான் செய்யும். ஆடாத பல் நகராது. அவர் தாயாருக்கு நேர்ந்தது ஈறு நோயால் எலும்பு இழந்து பல் விழுந்த கதை. இரண்டும் நாக்குக்கு ஒரே மாதிரிதான் தெரியும். இவருடைய ஈற்றின் ஆழத்தை மூன்று மாதத்துக்கு ஒருமுறை அளந்து பதிவுசெய்து வந்திருக்கிறோம், எண்கள் மோசமாகவில்லை. அந்த அளவுகளை அன்றுதான் முதன்முறையாக அவரிடம் காட்டினேன். எட்டு மாதமாக யாரிடமும் சொல்லாத பயம் அது. தாளைக் கையில் வாங்கி இரண்டு முறை படித்தார்.

கறுப்பு முக்கோணம் அடுத்தது. நெருக்கியடித்த பற்களுக்கு நடுவே ஈறு ஏற்கெனவே தாழ்ந்துபோயிருக்கும். பற்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தவரை அது தெரியாது. நேரானதும் இடுக்கு வெளிப்படும். பெரியவர்களிடம் இது அடிக்கடி நேர்கிறது. இரண்டு பற்கள் தொட்டுக்கொள்ளும் இடத்துக்கும் கீழேயுள்ள எலும்பு விளிம்புக்கும் இடையே 5 மி.மீ. அல்லது அதற்குக் குறைவாக இருந்தால் ஈறு அந்த இடுக்கை அநேகமாக எப்போதும் நிரப்பிவிடும், 6 மி.மீ. என்றால் பாதிக்குச் சற்று மேல், 7 மி.மீ. என்றால் நாலில் ஒரு பங்குதான் என்று 1992இல் வெளியான ஓர் ஆய்வு அளந்து காட்டியது. எலும்பு சற்றுத் தேய்ந்த இவர் வாயில் முக்கோணம் வரும் என்று தொடக்கத்திலேயே கணித்திருக்கலாம். கணித்தும் இருந்தேன், கோப்பில் எழுதியும் வைத்திருந்தேன். அவரிடம் சொல்லவில்லை. பற்களின் ஓரங்களை இன்னும் சிறிது தேய்த்து, தொடும் புள்ளியைக் கீழிறக்கி, இடைவெளியை நெருக்கினால் முக்கோணம் சுருங்கும். முழுதாக மறையும் என்று வாக்குக் கொடுக்கவில்லை.

பல் எடுத்த இடம் தெரிவதும் வலப்பக்கம். பல் நகரும் வேகத்துக்கு ஓர் எல்லை உண்டு; இடம் மூடும் கட்டத்தில் மாதத்துக்கு ஏறக்குறைய 1 மி.மீ. அழுத்தத்தைக் கூட்டினால் வேகம் கூடாது. திசு நசுங்கி, அந்த இடத்தில் வேலை சில வாரம் நின்றேபோகும். அதிர்வுக் கருவிகள் விரைவுபடுத்துமாமே என்று கேட்டார். நம்பும்படியான சான்று இல்லை. பணத்தை வைத்துக்கொள்ளுங்கள் என்றேன்.

ரப்பரை எந்தப் பக்கம் எழுதுவது என்று இருவருக்கும் தெரியவில்லை. நாளுக்குப் பத்து மணி நேரம்கூட அவர் மாட்டவில்லை. விளைவு அளவில் தெரிந்தது: இடைவெளி மூடிக்கொண்டுதான் இருந்தது, ஆனால் கடைவாய்ப்பற்கள் முன்னுக்கு வந்து அதைத் தின்றுகொண்டிருந்தன. 7 மி.மீ. துருத்தல் 5.5-க்குத்தான் இறங்கியிருந்தது. முந்தைய சந்திப்புகளில் “ரப்பர் மாட்டுகிறீர்களா?” என்று கேட்டிருக்கிறேன். வாத்தியார் வீட்டுப்பாடம் கேட்கிற தொனி அது. 42 வயதுக்காரர் ஒருவர் அதற்கு உண்மை பேசுவார் என்று எதிர்பார்த்தது என் பிழை. கடைசியில் இடப்பக்கம் எழுதினேன்.

பிறகு, கழற்றும் பேச்சுக்கு வந்தோம். கழற்றுவது அவருடைய உரிமை, அதை மறுக்கவில்லை. இன்று கழற்றினால் மேலே இரண்டு பக்கமும் 3 மி.மீ. அளவுக்கு இடைவெளி திறந்தே நிற்கும், வேர்கள் சாய்ந்தபடி இருக்கும், முன்பற்கள் திரும்ப வெளியே வரப் பார்க்கும். இடைவெளியை மூடியதும் நிறுத்திக்கொள்வது இரண்டாவது வழி. கடி முழுமையாகப் பொருந்தாது, ஆனால் பார்வைக்கு நன்றாக இருக்கும். மூன்றாவது, இன்னும் 12 மாதம், முழுமையாக. இந்த முறை எண்ணைக் குறைக்கவில்லை. ஒரு வாரம் கேட்டார். அதற்குள் முடிவு சொல்ல வேண்டாம் என்று நானே இரண்டு வாரம் கொடுத்தேன்.

மாற்றியவை

திரும்பி வந்து, “திருகு போடுங்கள்” என்றார். தாளில் எழுதிப் பார்த்ததில், 22 மணி நேர ரப்பர் தன்னால் என்றைக்குமே முடியாது என்று அவருக்கே தெரிந்திருந்தது. மரத்துப்போகும் ஊசி போட்டு, மேல்தாடையில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு திருகுகள் பதித்தோம். பல் எடுத்ததைவிட எளிது என்றார். நோயாளியின் மனவுறுதியை நம்பி நடக்கும் சிகிச்சையை, திருகை நம்பி நடப்பதாக மாற்றினோம். ரப்பர் இனி தூங்கும்போது மட்டும். இழுவிசை சில மணி நேரத்திலேயே தளரத் தொடங்குவதால் தினமும் புது வளையம். அது மட்டும்தான் நிபந்தனை.

சந்திப்பு நாள் மாறியது. கம்பி மாற்றிய மறுநாள்தான் வலி உச்சம் என்றால், வேலை இல்லாத நாளுக்கு முந்தைய மாலையில் வருவதுதானே முறை? இதைக் கேட்க எனக்கு 11 மாதம் ஆகியிருக்கிறது. அதுவரை எனக்கு வசதியான நேரத்தில் வந்து, மறுநாள் ஒலிவாங்கிக்கு முன் உட்கார்ந்திருக்கிறார்.

பேச்சைப் பொறுத்தவரை ‘பழகிவிடும்’ என்பது பாதி உண்மை. நாக்கு புதிய இடத்தைத் தேடிக் கண்டுகொள்ளும். ஆனால் தேட வைக்க வேண்டும். ‘ஸ’ ஒலிக்கு நாக்கு நுனிக்கும் பற்களுக்கும் நடுவே காற்று குறுகலாகப் போக வேண்டும். சிமெண்ட் மேடு வாயைத் திறந்தே வைத்திருந்ததால் காற்று சிதறியது. ஒலிவாங்கி அந்தச் சீறலைப் பெரிதாக்கியது. கடி கொஞ்சம் திறந்துவிட்டிருந்ததால் மேட்டின் உயரத்தைக் குறைக்க முடிந்தது. மீதியை அவரே பார்த்துக்கொண்டார்: தினம் 15 நிமிடம் உரக்கப் படித்து, ஒலிப்பதிவு செய்து, போட்டுக் கேட்பது. வேலைக்கு ஏறுமுன் ஒரு மடக்குத் தண்ணீர். பிராக்கெட்டில் உதடு ஒட்டிக்கொண்டால் ‘ப’, ‘ம’ இரண்டும் தடுமாறும் என்பது அவருடைய சொந்தக் கண்டுபிடிப்பு. என் மற்ற நோயாளிகளுக்கும் இப்போது அதைச் சொல்கிறேன்.

சாப்பாட்டு விஷயம் இதைவிடச் சிக்கலானது. உண்ணும் உணவைவிட உண்டபிறகு வாயில் மாட்டிக்கொண்டிருப்பதுதான் அவருக்குத் தொல்லை. எல்லாரோடும் உட்கார்ந்து சாப்பிடுவதை நிறுத்தியிருந்தார். பல் இடுக்குத் தூரிகை, சிறு கண்ணாடி, மெழுகு மூன்றையும் ஒரு சிறு பையில் போட்டு எப்போதும் உடன் வைத்துக்கொள்ளச் சொன்னேன். கடினமானதை முன்பல்லால் கடிக்காமல் சிறு துண்டாக நறுக்கிப் பின்பல்லால் மெல்வது அவர் ஏற்கெனவே கற்றிருந்தது. சுத்தத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை: பிராக்கெட்டைச் சுற்றி அழுக்கு தங்கினால் நான்கே வாரத்தில்கூட எனாமலில் வெள்ளைத் திட்டு விழலாம், பிறகு கம்பியைக் கழற்றினாலும் அந்தத் தடம் எளிதில் போகாது. ஃபுளோரைடு பற்பசையோடு இரவில் ஃபுளோரைடு கொப்பளிப்பும் சேர்த்தோம்.

கூட உட்கார்ந்து சாப்பிடும் விஷயத்தில் எனக்குச் சொல்ல எதுவும் இருக்கவில்லை. “இந்த வயதிலா?” என்று கேட்பவர்களுக்கு என்ன பதில் சொல்வது என்பதிலும். அவரே ஒரு பதில் வைத்திருந்தார்: “அந்த வயதில் முடியவில்லை.” அதற்கு மேல் யாரும் கேட்டதில்லையாம். காத்திருக்கும் அறைக்கு நான் செய்யக்கூடியது ஒன்று இருந்தது. பிள்ளைகள் பள்ளி முடிந்து வரும் நேரத்தைத் தவிர்த்து நேரம் கொடுத்தேன். சில மாதம் கழித்து, இனி எந்த நேரமானாலும் பரவாயில்லை என்றார்.

கடைசியாக, ஒவ்வொரு சந்திப்பிலும் ஒரே கோணத்தில் ஒரு புகைப்படம். தினமும் கண்ணாடியில் பார்ப்பவருக்கு மாதத்துக்கு 1 மி.மீ. தெரியவே தெரியாது. முதல் நாள் படத்தையும் 11ஆவது மாதப் படத்தையும் அன்று பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது, “தெற்றுப்பல் எப்போது இறங்கியது?” என்று கேட்டார். அவர் வாயில்தான் இறங்கியது. படத்தோடு, அடுத்த சந்திப்புக்குள் என்னென்ன நேரலாம், எதற்குக் காத்திருக்கலாம், எதற்கு அன்றே அழைக்க வேண்டும் என்று நாலு வரி எழுதிக் கொடுக்கத் தொடங்கினேன்.

பிந்தைய மாதங்கள்

எல்லாம் சீராகப் போனது என்று எழுத ஆசைதான். 12ஆவது மாத எக்ஸ்ரேயில் மேல் வெட்டுப்பற்களின் வேர்நுனிகள் சற்று மழுங்கியிருந்தன; எதிர்பார்க்கக்கூடிய அளவுதான், இருந்தாலும் படத்தைக் காட்டி, விசையைக் குறைத்தே தொடர்வோம் என்று பேசி முடிவெடுத்தோம். 13ஆவது மாதம் வலப்பக்கத் திருகு தளர்ந்தது. இது நடக்கக்கூடியது என்று அந்த நாலு வரியில் இருந்ததால் அவர் கலங்கவில்லை; நான்தான் கொஞ்சம் கலங்கினேன். எடுத்துவிட்டு வேறு இடத்தில் பதித்தோம். 16ஆவது மாதம் இடைவெளிகள் மூடின. துருத்தல் 3 மி.மீ.

அந்தக் கட்டத்தில் நிறுத்திக்கொள்ளலாமா என்று நானாகக் கேட்டேன், இரண்டாவது வழியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை அவருக்கு இன்னும் இருந்ததால். தொடர்வோம் என்றார். குறிப்பேடு தொடர்ந்தது, ஆனால் பதிவுகளின் அருகே ‘இ’, ‘வ’ என்று எழுதத் தொடங்கியிருந்தார். இடப்பக்கம், வலப்பக்கம். ‘வ’ என்று போட்டவற்றை மறந்துவிடுகிறேன், ‘இ’ என்றால் உங்களை அழைக்கிறேன் என்றார். ஒருமுறை ‘வ’ என்று போட்டிருந்ததை நான் ‘இ’ என்று திருத்தினேன். பிராக்கெட் ஒன்று ஒட்டுவிட்டுக் கம்பியோடு நழுவிக்கொண்டிருந்தது.

23ஆவது மாதம் கழற்றினோம். மேல்வரிசையின் நடுக்கோடு கீழ்வரிசையின் நடுக்கோட்டிலிருந்து 1 மி.மீ. விலகியே இருக்கிறது. கீழே இரண்டு பற்களுக்கு நடுவே முக்கோணம் சிறிதாக மிஞ்சியிருக்கிறது. அவருக்குச் சம்மதம், எனக்கு அந்த நடுக்கோடு இன்னும் உறுத்துகிறது. பற்களைத் தக்கவைக்கக் கீழ் முன்பற்களின் உள்பக்கம் மெல்லிய கம்பி ஒட்டினோம். மேலே இரவில் போடும் ரிடெய்னர். பற்களைச் சுற்றியுள்ள ஈற்று நார்கள் புதிய இடத்தை ஏற்க ஓராண்டு வரை ஆகும், அதற்குப் பிறகும் ரிடெய்னரைக் கைவிட வேண்டாம் என்பதை இந்த முறை கழற்றுவதற்கு மூன்று மாதம் முன்பே சொல்லியிருந்தேன்.

கழற்றி ஆறு மாதம் ஆகியிருக்கும். ஒரு மாலை அழைத்தார். கீழே ஒட்டிய கம்பி ஒரு பல்லில் மட்டும் விட்டிருக்கிறது, வலி இல்லை, ஆனால் நாக்கால் தொட்டால் ஒரு முனை தூக்கலாக இருக்கிறது என்றார். எப்போதிலிருந்து என்று கேட்டேன்.

“இன்று மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு. ‘இ’ தானே டாக்டர்?”